பிழையாய் முடிந்த உறுதி: நொத்தாரிசில் வழக்கா, முதலில் காணியா?

"யாழ்ப்பாணம் நல்லூரில் 2 பரப்புக் காணி வாங்கினோம். வங்கியில் கடன் கேட்டபோதுதான் உறுதியில் பிழை என்று தெரிய வந்தது. முடித்துத் தந்த நொத்தாரிசில் வழக்குப் போடலாமா?" இப்படியான கேள்வி ஊரிலிருந்தும் வருகிறது, ரொறன்ரோவிலிருந்தும் வருகிறது. நொத்தாரிசு என்பவர் காணி உறுதிகளை (கைமாற்றப் பத்திரங்களை) எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். அவர் மீது வழக்குப் போடலாம். ஆனால் அது இருக்கும் நான்கு வழிகளில் ஒன்றுதான், பல வேளைகளில் முதலாவதாகப் போகவேண்டிய வழியும் அல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணியைச் சரிப்படுத்துவதுதான் முதல் வேலை, நொத்தாரிசிடம் நட்டஈடு கேட்பது இரண்டாவது. சிக்கல் என்னவென்றால், முதல் வேலை முடியும்வரை இரண்டாவதற்கான காலக்கெடு காத்திருக்காது. குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பிழை எந்த வகை, உங்களுக்கு வேண்டியது காணியா, பணமா, தண்டனையா, யாருடைய ஒப்பம் இல்லாமல் காரியம் நடக்காது, எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது. இதில் முதலாவதுதான் மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்போம்.

உறுதியே செல்லாத பிழை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் காணிக் கைமாற்றத்துக்கு அடிப்படை. கைமாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் முறைப்படி அதிகாரம் கொடுத்தவரோ ஒப்பமிட வேண்டும். அந்த ஒப்பம் ஒரு நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, அவர்கள் முன்னால் இடப்பட வேண்டும், அவர்களும் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். "மற்றச் சாட்சி பின்னேரம் வந்து கையெழுத்து வைப்பார், நீங்கள் போங்கோ" என்று சொன்ன இடத்திலேயே உங்கள் உறுதி ஆபத்தில் விழுந்துவிட்டது.

நொத்தாரிசு விதி மீறினார், ஆனால் உறுதி செல்லும். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் நொத்தாரிசு கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் நீண்ட பட்டியலாக இருக்கின்றன. அத்தாட்சிப் பந்தியில் எழுத வேண்டியவற்றை ஒழுங்காக எழுதாதது, இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பாதது போன்றவை இந்த வகை. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, இந்த விதிகளை நொத்தாரிசு மீறினார் என்பதற்காக மட்டும் உறுதி செல்லாததாகாது என்கிறது. இது உங்களுக்கு நல்ல செய்தி, நட்டஈட்டு வழக்குக்குக் கெட்ட செய்தி: உறுதி செல்லுமென்றால் உங்களுக்கு என்ன நட்டம் என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

ஒப்பம் சரி, உரித்து பிழை. யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல்கள் அதிகம் இருப்பது இங்கேதான். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கும்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரித்துகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவர் விட்டுப் போயிருந்தாலோ நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தின் இடத்தில் கட்டளை தரலாம். இது தெரியாமல் முடித்த உறுதிகள் உண்டு. பங்காளிகளுக்கு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி உள்ள முன்வாங்கும் உரிமையை (வெளியாளுக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமையை) கவனிக்காமல் வெளியாளுக்கு எழுதியவையும் உண்டு. அற்றோணித் தத்துவத்தில் (தனக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு எழுத்தில் தரும் அதிகாரத்தில்) ஒப்பமிட்டவர் ஒப்பமிட்ட நாளில், தத்துவம் கொடுத்தவர் வெளிநாட்டில் இறந்து போயிருந்தார் என்பது இன்னொரு வகை. இலங்கைக் குடியுரிமையைத் துறந்து, இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவர் பெயரில் விலைக்கு எழுதியது, வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் முட்டும்.

விவரிப்புப் பிழை. நான்கெல்லையில் கிழக்கு மேற்கு மாறியது, 3 பரப்பு 2 பரப்பானது, பழைய வரைபட இலக்கம் போட்டது. இவற்றோடு ஊரில் அதிகம் சண்டை மூட்டுவது ஒன்று உண்டு: மூல உறுதியில் இருந்த கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் புது உறுதியில் விடுபட்டுப் போவது. காணி உங்களுடையது, தண்ணி இல்லை, போகும் ஒழுங்கையும் இல்லை.

உங்கள் பிழை இந்த நான்கில் எது என்று தெரியாமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளக் கையில் இருக்கும் உறுதி மட்டும் போதாது. உறுதி மூன்றாக எழுதப்படுகிறது: ஒன்று உங்களிடம், ஒன்று நொத்தாரிசிடம், இணைப்பிரதி காணிப் பதிவகத்தில். யாரிடமும் சண்டைக்குப் போகுமுன் பதிவகத்திலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்துவிடுங்கள். மூன்றும் ஒன்றுபோல் இல்லாத வேளைகள் இருக்கின்றன, அந்த வித்தியாசமே பிறகு சாட்சியாகும்.

## வழி 1: திருத்த உறுதி, அல்லது புதிதாக எழுதுவது

விவரிப்புப் பிழைக்கு இதுதான் மருந்து. விற்றவரும் வாங்கியவரும் மீண்டும் ஒரு நொத்தாரிசு முன் இருந்து, முந்திய உறுதியின் இந்த இடம் பிழை, சரியானது இது என்று எழுதிப் பதிவது. செலவு குறைவு, வேகமும் அதிகம்.

தடை ஒன்றே ஒன்றுதான்: விற்றவரின் கை. அவர் ஊரில் இருந்து மனமும் இருந்தால் ஒரு கிழமை வேலை. பாரிசில் இருந்தால் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய தத்துவம் வர வேண்டும். இறந்திருந்தால் உரித்தாளர் எல்லோரும் வேண்டும், அதில் ஒருவராவது "அண்ணை அப்ப மலிவாய் வித்துப்போட்டார்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

உறுதியே செல்லாது என்றால் திருத்த உறுதி போதாது, அறுதி உறுதியை (விற்பனை உறுதியை) புதிதாகவே முடிக்க வேண்டும். மறைந்த செலவு அங்கே வருகிறது. முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். காணியின் பெறுமதி 50 லட்சம் என்றால் 3,000உம் 196,000உம் சேர்த்து 199,000 ரூபா. பிழை நொத்தாரிசுடையது, இரண்டாம் தரம் தீர்வை கட்டுவது நீங்கள். இந்தத் தொகையை அவரிடம் கேட்பது நியாயம். நல்ல நொத்தாரிசுகள் தங்கள் பிழையைத் தாங்களே செலவு செய்து திருத்தித் தருவார்கள். அப்படி ஒருவர் முன்வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒத்துப் போவதுதான் புத்தி.

இன்னொரு விஷயம்: திருத்தும்வரை இடையில் யாராவது அதே காணிக்கு உறுதி வாங்கிப் பதிந்துவிட்டால்? 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, விலை கொடுத்து வாங்கிப் பதிந்த பிந்திய உறுதி, பதியாத முந்திய உறுதியை முந்தும். மோசடியோ கூட்டுச் சதியோ நிரூபித்தால்தான் விதிவிலக்கு. அதனால் பதிவு நடக்கவில்லை என்று கண்டால் அன்றைக்கே பதிவகத்துக்கு ஓட வேண்டும்.

## வழி 2: உரித்துக்காக மாவட்ட நீதிமன்றம்

விற்றவர் கை தர மறுத்தால், அல்லது வேறொருவர் உரித்துக் கொண்டாடினால், காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம்தான். யாழ்ப்பாணமோ, மல்லாகமோ, சாவகச்சேரியோ, பருத்தித்துறையோ. உறுதியைச் செம்மைப்படுத்தக் கேட்கலாம், உங்கள் உரித்தைப் பிரகடனப்படுத்தக் கேட்கலாம். பங்குக் காணியாக இருந்தால் கதை பெரும்பாலும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பங்குப்பிரிப்பு வழக்கில் போய் முடியும். அது எத்தனை வருடம் போகும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சுத்தான் பதில்.

இந்த வழியில் பலர் மறந்துவிடும் ஆள் விற்றவர். விற்பவர் தான் விற்ற உரித்துக்குப் பொறுப்பு என்பது நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படை. மூன்றாம் ஆள் வழக்குப் போட்டால், விற்றவருக்கு உடனே அறிவித்து "வந்து உரித்தைக் காத்துத் தா" என்று கேட்க வேண்டும். உறுதியின் கடைசிப் பந்திகளில் அந்த வாக்குறுதி பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்கும். காணி போய்விட்டால் விலைப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்தான், நொத்தாரிசு அவருக்குப் பிறகு.

ஆட்களை வைத்து வேலி பிடுங்கும் அளவுக்குப் பிரச்சினை போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் தற்காலிகக் கட்டளை தரும். பொலிசார் தகவல் சமர்ப்பித்த நாளில் யார் கையில் ஆட்சி (காணியைக் கையில் வைத்து அனுபவிப்பது) இருந்தது, அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் அது பார்க்கும். உரித்தைத் தீர்மானிக்காது.

மறைந்த செலவு: வழக்கு நடக்கும் காலம் முழுவதும் காணியை ஈடு வைப்பதும் விற்பதும் நடைமுறையில் கடினம். ஒரு பிள்ளையின் கலியாணம் அந்தக் காணியை நம்பி இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

## வழி 3: நொத்தாரிசு மீது நட்டஈட்டு வழக்கு

தொழில்முறைக் கவனயீனத்துக்கான வழக்கு. நீங்கள் காட்ட வேண்டியவை: அவர் உங்களுக்காகத்தான் வேலை செய்தார், கவனமான ஒரு நொத்தாரிசு செய்திருப்பதை அவர் செய்யவில்லை, அதனால் உங்களுக்குப் பணத்தில் எண்ணக்கூடிய நட்டம் வந்தது. மனவேதனையை மட்டும் வைத்து இந்த வழக்கு நிற்காது.

நொத்தாரிசு ஒப்பத்தை மட்டும் பார்ப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். காணி சம்பந்தமான உறுதியை எழுதுமுன் காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும் 31ஆம் பிரிவுப்படி அவர் கடமை. ஆனால் தரப்பினர் "தேடல் வேண்டாம்" என்று எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் அந்தக் கடமை கட்டாயமில்லை. உறுதி முடித்த அன்று வாசிக்காமல் வைத்த கையெழுத்துகளில் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வழக்கின் முதுகெலும்பே போய்விடும்.

இனிக் காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கவனயீனத்தை வைத்து நட்டஈடு கேட்க 2 வருடம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக் கேட்க 3 வருடம், எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம். நம் ஊரில் நொத்தாரிசோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தவர் யார்? ஆகவே 2 அல்லது 3. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் வழக்கின் முதல் சண்டையாக இருக்கும். உறுதி முடித்த நாள் என்று அவர் தரப்புச் சொல்லும், நட்டம் வந்த நாள் என்று உங்கள் தரப்புச் சொல்லும். பாதுகாப்பானது முந்திய நாளை வைத்து எண்ணுவது. கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் காலம் நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்காது. வழக்குத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். "செய்து தாறன், கொஞ்சம் பொறுங்கோ" என்று நொத்தாரிசு சொல்லச் சொல்ல மாதங்கள் ஓடிவிடும். பொறுக்கலாம், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். ஒன்று, உறுதியில் போட்ட விலை. தீர்வையை மிச்சம்பிடிக்க 80 லட்சக் காணியை 30 லட்சம் என்று எழுதியிருந்தால், 80 லட்சம் நட்டம் என்று நீதிமன்றத்தில் சொல்லும்போது உங்கள் ஒப்பமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. மிச்சம்பிடித்ததாக நினைத்த காசு பல மடங்காகப் போகும். இரண்டு, ரசீது. காசைத் தரகரிடமோ கிளாக்கரிடமோ கொடுத்திருந்தால், நொத்தாரிசு உங்களுக்காக வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க வேண்டி வரும். மூன்று, சட்டத்தரணி. இங்கே நொத்தாரிசுகள் பெரும்பாலும் சட்டத்தரணிகள், ஒரே நீதிமன்ற வளாகத்தில் தினமும் முகம் பார்ப்பவர்கள். சக தொழிலாளர் மீது வழக்குப் பேச உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால் வவுனியாவிலோ கொழும்பிலோ பிடிக்க வேண்டும், தவணைக்குத் தவணை பயணச் செலவு உங்கள் தலையில். நான்கு, வென்ற பிறகு வசூல். காப்புறுதிக் கம்பெனி வந்து கட்டும் என்று எண்ண வேண்டாம், அவரிடம் சொத்து இருக்கிறதா என்பதை வழக்குக்கு முன்னமே விசாரியுங்கள். தீர்ப்பை எதிர்த்து அவர் மாகாண குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது.

இத்தனையும் சொன்னதால் இந்த வழியே வேண்டாம் என்று பொருளில்லை. காணி மீட்க முடியாமல் போய்விட்டது, விற்றவரிடம் எடுக்க ஒன்றுமில்லை, பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் இதைவிட நல்ல வழி கிடையாது.

## வழி 4: ஒழுக்காற்று முறைப்பாடு, பொலிஸ்

சட்டத்தரணியாகவும் இருக்கும் நொத்தாரிசு ஏமாற்றோ தொழில் முறைகேடோ செய்தால், 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் கூடியிருந்து அவரை இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். சத்தியக் கடதாசியோடு முறைப்பாடு கொடுக்க வேண்டும். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும், நொத்தாரிசு விதிமீறலென்றால் பதிவாளர் நாயகத்துக்கும் எழுதலாம்.

செலவு அதிகமில்லை. கிடைப்பது தண்டனை மட்டும்தான், காணியும் வராது, காசும் வராது. "காசைத் தா, இல்லாட்டி முறைப்பாடு கொடுப்பன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உங்கள் நியாயத்தையே மிரட்டலாக்கிவிடும். போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம் என்றால் அது பொலிசுக்குரிய விஷயம். அங்கே காலக்கெடு 20 வருடம் என்பதால் நட்டஈட்டுக் காலம் போன பிறகும் இந்தக் கதவு திறந்திருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | கிடைப்பது | யார் ஒத்துழைக்க வேண்டும் | காலம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| திருத்த உறுதி / புது உறுதி | சுத்தமான உரித்து | விற்றவர் அல்லது உரித்தாளர் எல்லோரும் | அவர்கள் உயிரோடும் மனதோடும் இருக்கும்வரை | புது உறுதியென்றால் முழுத் தீர்வை |
| உரித்து வழக்கு | காணி, அல்லது விற்றவரிடம் விலைப்பணம் | யாரும் தேவையில்லை | எதிராளிக்கு 10 வருட ஆட்சி சேருமுன் (சேர்ந்தால் அதை வைத்தே அவர் உரித்துக் கேட்கலாம்) | காணி முடங்கிக் கிடப்பது |
| நட்டஈட்டு வழக்கு | பணம் | யாரும் தேவையில்லை | 2 வருடம், சிலவேளை 3 | குறைத்துப் போட்ட விலை, வசூலாகாத தீர்ப்பு |
| முறைப்பாடு / பொலிஸ் | தண்டனை | யாரும் தேவையில்லை | குற்றத்துக்கு 20 வருடம் | ஊரில் உறவு முறிவு |

## யாருக்கு எது

எல்லையோ கிணற்றுப் பங்கோ விடுபட்டு, விற்றவர் கோண்டாவிலில் சுகமாக இருக்கிறார் என்றால் திருத்த உறுதி. வழக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். செலவை நொத்தாரிசிடம் கேளுங்கள், அவர் மறுத்தாலும் திருத்திவிடுங்கள், அந்தக் காசுக்காக நீதிமன்றம் ஏறுவது மினக்கேடு. கிணற்றுப் பங்கில் விற்றவரோ பக்கத்துக் காணிக்காரரோ இடக்குப் பிடித்தால் மத்தியஸ்த சபைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பேசித் தீர்ந்த வழிவாய்க்கால் தகராறுகள் உண்டு, சட்டத்தரணிச் செலவும் இல்லை.

கணவரின் சம்மதம் இல்லாத சீதனக் காணி, இருவரும் இப்போது சம்மதிக்கிறார்கள் என்றால் புதிதாக எழுதுவது பாதுகாப்பு. தீர்வைப் பணத்தை நொத்தாரிசிடம் கேட்பதற்கு இது நல்ல இடம், ஏனென்றால் தொகை தெளிவு, பிழையும் தெளிவு, வழக்குக்குப் போகாமலே பேசி முடிக்கக்கூடியது.

விற்றவருக்கு உரித்தே இல்லை, காசோடு போய்விட்டார் என்றால் நான்கு வழிகளும் ஒன்றாகத் தேவைப்படலாம். அப்போது வரிசை முக்கியம்: பதிவகப் பிரதி, பொலிஸ், விற்றவருக்கு அறிவித்தல், 2 வருடம் முடியுமுன் விற்றவரையும் நொத்தாரிசையும் சேர்த்துப் பிரதிவாதியாக்கிய வழக்கு. உரித்து வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து நட்டஈட்டு உரிமையை இழப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. நட்டத்தின் முழுத் தொகை தெரியாவிட்டாலும் தாக்கல் செய்யலாம், தொகையைப் பின்னர் திருத்த நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

நொத்தாரிசு இறந்துவிட்டார் என்றால் முறைப்பாட்டுக்கு ஆளில்லை. நட்டஈடு கேட்டால் அவர் விட்டுப் போன சொத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும், பிள்ளைகளின் சொந்தக் காசில் கை வைக்க முடியாது. அவரிடம் இருந்த உறுதிப் பிரதிகள் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும், அங்கே கேளுங்கள். போர்க்காலத்தில் முடித்த உறுதி, சாட்சிகளும் இல்லை என்றால் நொத்தாரிசை மறந்துவிட்டு, காணியில் உங்களுக்கிருக்கும் 10 வருடத்துக்கு மேற்பட்ட ஆட்சியை நிரூபிக்கும் வேலையைத் தொடங்குங்கள்: பிரதேச சபை வரிச் சீட்டு, மின்சாரப் பட்டியல், தேங்காய் பறித்தவரும் வேலி அடைத்தவரும் சொல்லும் சாட்சி.